கம்மிய குரலுக்குக் காரணம் காலனியா, வகுப்பறையா?

நம் பகுதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வரி தெளிவாக வரும். மூன்றாவது வரியில் குரல் கரகரக்கும். அதற்கு மேல் கம்மிப்போய்க் காற்றுதான் வரும். பிள்ளை செருமிவிட்டு மறுபடியும் தொடங்கும். சளி பிடித்திருக்கிறது போல என்று நாமும் விட்டுவிடுவோம். ஆனால் மழைக்காலம் போய்க் கோடை வந்த பிறகும் அந்தக் கம்மல் போகாத பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

இதற்கு ஊரில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. "காலனிப் பிள்ளைங்க கத்துற கத்துக்குத் தொண்டை வேற எப்படி இருக்கும்? அதுங்க குரலே அப்படித்தான்." சில ஆசிரியர்களும் இதைச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு நம் வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்த விளக்கத்தை நாம் ஏற்கவில்லை. பிள்ளைகள் கத்துகிறார்கள், உண்மைதான். ஏன் கத்துகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறை, அதன் கூரை, அங்குள்ள தூசி, கிடைக்காத குடிநீர், ஒரே அறைக்குள் அடைத்த மூன்று வகுப்புகள் ஆகியவற்றில்தான் அதற்கான விடை இருக்கிறது. இவை எதுவும் பிறப்போடு வந்தவை அல்ல. அரசு கட்டிக் கொடுத்தவை. அரசு மாற்றிக் கொடுக்க வேண்டியவை.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

நம் குரல்வளைக்குள் இரண்டு சிறிய தசை மடிப்புகள் இருக்கின்றன. குரல்நாண்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். மூச்சு வெளியேறும்போது இவை ஒன்றோடொன்று உரசி அதிர்வதால்தான் குரல் பிறக்கிறது. வளர்ந்த ஆணின் குரல்நாண் சுமார் 17 முதல் 21 மில்லிமீட்டர் நீளம். பெண்ணுக்கு 11 முதல் 15 மில்லிமீட்டர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நீளம் குறைந்தால் அதிர்வு கூடும். ஆணின் குரல்நாண் நொடிக்குச் சுமார் 100 முதல் 125 முறை அதிர்கிறது என்றால், பிள்ளையின் குரல்நாண் 250 முறைக்கு மேல் அதிர்கிறது. ஒரு நிமிடம் விடாமல் பேசினால் 15,000 முறை இரண்டு மடிப்புகளும் மோதிக்கொள்கின்றன. சத்தமாகப் பேசினால் அந்த மோதலும் பலமாக இருக்கும்.

மண்வெட்டி பிடிக்கிற கை காய்த்துப்போவதை நாம் எல்லோரும் அறிவோம். முதலில் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும், தொடர்ந்து பிடித்தால் தோல் தடித்துக் காய்ப்பு விழும். குரல்நாணிலும் இதேதான் நடக்கிறது. நாள்தோறும் பலமாக மோதும் இடத்தில் முதலில் வீக்கம் வருகிறது. பிறகு இரு பக்கமும் சிறு முடிச்சு போல் தடிக்கிறது. முடிச்சு இருப்பதால் இரண்டு மடிப்புகளும் சரியாகச் சேர்வதில்லை. இடைவெளியில் காற்று கசிகிறது. அந்தக் கசிவைத்தான் நாம் கம்மல் என்கிறோம். பிள்ளைகளுக்கு நீண்ட நாள் நீடிக்கும் குரல் கம்மலுக்கு மிகப் பொதுவான காரணம் இந்த முடிச்சுகளே. சிறு வயதில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது.

கை காய்த்தால் அது உழைப்பின் அடையாளம் என்று பெருமையாகவாவது சொல்லிக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளையின் தொண்டையில் காய்ப்பு விழுந்தால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இரைச்சலில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை

எதியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911-இல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்திப் பேசுகிறார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஓடுகிற பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசும்போது நம் குரல் தானாக உயர்வதும், வண்டி நின்றதும் நம் சத்தம் நமக்கே கூச்சமாக இருப்பதும் இதனால்தான். கிராமத்தில் நெல் அரவை மில்லில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வந்தும் உரக்கப் பேசுவதைப் பார்த்திருப்போம்.

இப்போது நம் வகுப்பறைக்குள் வருவோம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இன் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. கட்டடத்துக்கு, ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை என்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு ஆசிரியர், இரண்டு அறை, ஐந்து வகுப்பு. அதாவது சட்டத்தை ஒரு எழுத்துக்கூட மீறாமல் ஓர் அறைக்குள் இரண்டு வகுப்பையோ மூன்று வகுப்பையோ உட்கார வைக்கலாம். ஒரு மூலையில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்கிறது. அடுத்த மூலையில் நான்காம் வகுப்பு மனப்பாடப் பாட்டு சொல்கிறது. நடுவில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் கணக்கு நடத்துகிறார். அந்த டீச்சர் உரக்கப் பேசாமல் முடியாது. பதில் சொல்லும் பிள்ளை அதைவிட உரக்கக் கத்தாமல் முடியாது. வாய்ப்பாடு சொல்லும் வகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகும். இப்படி ஒருவர் சத்தம் அடுத்தவர் சத்தத்தை ஏற்றிவிடும். மணியடிக்கும்போது எல்லோருக்கும் தொண்டை வறண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வகுப்பு நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. சாதாரணமாக ஒருவர் பேசும் பேச்சு, ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். பிள்ளைகளுக்குப் பேச்சு தெளிவாக விளங்க வேண்டுமானால் அது சுற்றியுள்ள இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வல்லுநர்கள் வைத்திருக்கும் அளவு. திறந்த வெளியில், தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரே அறைக்குள் பக்கத்து வகுப்பே 60 டெசிபலில் பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு எங்கே நிற்கும்? முன் வரிசைப் பிள்ளைக்கு ஏதோ காதில் விழும். கடைசி வரிசைப் பிள்ளைக்கு டீச்சரின் வாய் அசைவதுதான் தெரியும்.

கடைசி வரிசையில் யார் உட்கார்கிறார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பின்னால் போய் உட்காருவதும் உட்கார வைக்கப்படுவதும் இன்னும் முடிந்துபோன கதை அல்ல. பின்வரிசை என்றால் அவமானம் என்று மட்டும்தான் இதுவரை பேசியிருக்கிறோம். கேட்காத இடமும் அதுதான். பதில் சொல்லத் தொண்டை கிழியக் கத்த வேண்டிய இடமும் அதுதான்.

ஓலை போனது, ஷீட் வந்தது

2004 ஜூலை 16-ஆம் தேதியைத் தமிழ்நாடு மறக்காது. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். சமையல் கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குப் பரவியதுதான் காரணம். அதன்பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரையே இருக்கக் கூடாது என்று அரசு அகற்றியது. அது சரியான முடிவு. அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஓலையை எடுத்த இடங்களில் எல்லாம் தளம் போட்ட கட்டடம் வந்துவிடவில்லை. பல இடங்களில் சிமெண்ட் ஷீட்டும் தகரமும் வந்தன.

ஷீட் கூரை தீப்பிடிக்காது. ஆனால் மழை பெய்தால் அந்த அறையில் பாடம் நடக்காது. சொட்டு விழுகிற ஓசை மேளம் போல இறங்கும். கோடையில் அனல் இறங்கும். பிள்ளைகள் வேர்த்து, நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே சிமெண்ட் தரை, நான்கு பக்கமும் வெறும் சுவர், மேலே ஷீட் என்றால் பேசிய சத்தம் உறிஞ்சப்படாமல் மோதி மோதித் திரும்பும். முதல் சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் இரண்டாவது சொல் வந்து அதன்மேல் விழும். அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல், வகுப்பறையில் எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. நம் பள்ளிக் கட்டடங்களைத் திறந்து வைக்கும்போது சுவரின் நிறத்தைப் பார்க்கிறார்கள், கல்வெட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உள்ளே நின்று ஒரு பாடம் வாசித்தால் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதில்லை.

அறைக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி அரசு அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டிய இடங்களில் பள்ளியும் ஒன்று. பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அந்த மண்டலம் விரியும். அங்கே பகலில் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம் ஊர்களில் காலனி எங்கே இருக்கிறது? ஊருக்கு வெளியே, சாலையோரம், செங்கல் சூளைப் பக்கம், கல் குவாரிக்குப் போகும் லாரிப் பாதையில், மில்லுக்குப் பின்னால். ஊர் தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை எல்லாம் காலனிப் பக்கம்தான் ஒதுக்கியது. பள்ளியும் அங்கேதான் கட்டப்பட்டது. சாதி இடத்தைத் தீர்மானித்தது. இடம் இரைச்சலையும் தூசியையும் கொண்டுவந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே பேசப் பழகிய பிள்ளையைப் பார்த்து "உன் சாதிக்கே கத்திப் பேசுவதுதான் பழக்கம்" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

தூசியும் தண்ணீரும்

குரல்நாண் நன்றாக அதிர வேண்டுமானால் அது ஈரமாக இருக்க வேண்டும். வறண்ட நாண் சீக்கிரம் புண்படும். சாக்பீஸ் தூள், சூளைப் புகை, லாரி கிளப்பும் புழுதி, சில இடங்களில் இன்னும் விறகு எரியும் சத்துணவுக் கூடத்துப் புகை எல்லாம் தொண்டையை உறுத்துகின்றன. உறுத்தினால் பிள்ளை இருமும், செருமும். ஒவ்வொரு செருமலும் அந்த இரண்டு மடிப்புகளையும் ஓங்கி மோதவிடுகிறது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு பெரிய வரலாறு நினைவுக்கு வராமல் இருக்காது. சதாராவில் பள்ளியில் படித்த சிறுவன் அம்பேத்கர், மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாமல் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியில் தனியே உட்கார்ந்தார். குழாயைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. பள்ளிப் பணியாள் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. இதை அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். தாகத்தோடு பள்ளியில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பிள்ளைதான் பிறகு கோடிக்கணக்கான மக்களுக்காகப் பேசினார்.

இன்று குழாயைத் தொடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தடுத்தால் தண்டனை உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர் வேண்டும் என்கிறது. ஆனால் தொட்டி இருக்கும், மோட்டார் ஓடாது. குழாய் இருக்கும், தண்ணீர் உப்பாக இருக்கும். கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் பெண் பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். காலையில் வீட்டில் குடித்ததோடு சாயங்காலம் வீடு வந்துதான் குடிக்கிறார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று தெரியும். குரலையும் பாதிக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

குரல் போனால் எதெல்லாம் போகிறது?

"தொண்டைக்கட்டு ஒரு வியாதியா? உயிர் போகிற விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலும் உயிர் போகாது. ஆனால் தொடக்க வகுப்பில் ஒரு பிள்ளையின் படிப்பு வாய் வழியாகத்தான் நடக்கிறது. எழுத்தைச் சொல்ல வேண்டும், வாசிக்க வேண்டும், ஒப்பிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். குரல் வராத பிள்ளை வாசிக்கத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஆகிறது. ஒப்பித்தல் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் பெயர் கொடுக்க அதைக் கூப்பிட மாட்டார்கள். கொஞ்ச நாளில் தானாகவே கை தூக்குவதை நிறுத்திவிடும். "மந்தம்" என்று ஒரு பெயர் விழும். கம்மிய குரல் உள்ள பெண் பிள்ளையை "ஆம்பளைக் குரல்" என்று கேலி செய்கிறார்கள். அவள் பேசுவதையே குறைத்துக்கொள்கிறாள். ஆண் பிள்ளைக்கு மகரக்கட்டு உடையும் வயதில் குரல் மாறுவது இயல்புதான். ஆனால் எட்டு வயதில் தொடங்கிய கம்மலையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உரக்கக் கத்திப் பேசும் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். காதில் சீழ் வடிவது ஏழைப் பிள்ளைகளிடம் பரவலாக உள்ள நோய். தனக்கே தன் குரல் கேட்காததால் சத்தமாகப் பேசும். அதையும் "கத்துகிற பழக்கம்" என்று ஒதுக்கிவிட்டால், குணப்படுத்தக்கூடிய காது நோய் கவனிக்கப்படாமலே போகும்.

நம் வரலாறே குரலுக்கான வரலாறுதான். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். 1920-இல் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகைக்கு 'மூக்நாயக்' என்று பெயர். பேச்சற்றவர்களின் தலைவன் என்று பொருள். அந்தக் குரலுக்குத் தொண்டை என்று ஓர் உறுப்பு வேண்டும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. மேடையில் முழங்க வேண்டிய பிள்ளையின் தொண்டை மூன்றாம் வகுப்பிலேயே தேய்ந்துபோகுமானால் அதுவும் உரிமைப் பிரச்சினைதான்.

சொல்லப்படும் மறுப்புகள்

"எல்லா அரசுப் பள்ளியிலும் இதே நிலைதானே, இதில் சாதி எங்கே வந்தது?" என்பார்கள். ஊர்ப் பள்ளியிலும் ஷீட் கூரை இருக்கிறது, உண்மைதான். அந்தப் பிள்ளைகளின் தொண்டையும் தொண்டைதான். அவர்களுக்காகவும் சேர்த்தே பேசுகிறோம். ஆனால் ஷீட் கூரை, ஈராசிரியர் பள்ளி, சாலையோரம், சூளைப் புகை, வராத குடிநீர் ஆகியவை எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் எது என்று ஒன்றியம் ஒன்றியமாக எண்ணிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. பொதுப் பள்ளிக்குள் நம் முன்னோரைச் சேர்க்க மறுத்த காலத்தில் வேறு வழியில்லாமல் பிறந்த பள்ளிகளின் வழிவந்தவை இவை. தனியாகப் பிறந்ததாலேயே தனியாக மறக்கப்படுகின்றன.

"வீட்டிலும் விளையாட்டிலும் கத்துகிறார்களே, திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார்களே?" என்பார்கள். கத்தத்தான் செய்கிறார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கத்துகிறார்கள். விளையாடிக் கத்திய தொண்டை ஓய்வெடுக்க வேண்டிய இடம் வகுப்பறை. அங்கேயும் ஓய்வு இல்லை என்பதுதான் நம் புகார்.

"முதலில் கட்டடம், கழிப்பறை, ஆசிரியர் கேளுங்கள், குரல் எல்லாம் அப்புறம்" என்றும் சொல்வார்கள். குரலைக் கேட்பது அவற்றைக் கேட்பதுதான். தளம் போட்ட கட்டடம், வகுப்புக்கு ஓர் அறை, தண்ணீர், கழிப்பறை என்று நாம் முப்பது வருடமாகக் கேட்பவைதான் குரலுக்கும் மருந்து. கேட்பதற்கு இன்னொரு வலுவான காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சளியோடு வரும் கம்மல் சளி போனதும் போய்விடும். மிளகுப் பாலும் கற்பூரவல்லிக் கஷாயமும் அதற்கு இதமாக இருக்கும். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லை என்றால் கைவைத்தியத்தோடு நிறுத்தக் கூடாது. அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் போக வேண்டும். சில பிள்ளைகளுக்குக் குரல்வளையில் மரு போன்ற கட்டிகள் வரும். அவை மூச்சையே அடைக்கக்கூடியவை.

முடிச்சு என்று மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. தண்ணீர் நிறையக் குடிப்பது, கத்துவதைக் குறைப்பது, பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித் தரும் முறையில் பேசப் பழகுவது ஆகியவையே சிகிச்சை. பல பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவும் குறையும். கிசுகிசுப்பாகப் பேசச் சொல்வதும் தவறு. அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். மெதுவாக, பக்கத்தில் வந்து, இயல்பான குரலில் பேசச் சொல்லுங்கள். முக்கியமாக, பிள்ளையைத் திட்டாதீர்கள். தவறு பிள்ளையுடையது அல்ல.

பள்ளியில் செய்யக்கூடியவை

ஆசிரியர்களை எதிரியாக்க நாம் விரும்பவில்லை. குரல் கெட்டுப்போகும் தொழில்களில் ஆசிரியர் தொழிலும் முன்னால் நிற்கிறது. அதே அறையில் அவர்களும்தான் தேய்கிறார்கள். பணச் செலவு இல்லாமல் சில மாற்றங்களைச் செய்யலாம். கரும்பலகையை ஈரத் துணியால் துடைக்கலாம். ஒரு வகுப்பு வாய்விட்டுப் படிக்கும்போது மற்ற வகுப்புக்கு எழுத்து வேலை தரலாம். கத்தி அடக்குவதற்குப் பதிலாகக் கை தட்டியோ கை உயர்த்தியோ அமைதிக்குக் குறி காட்டலாம். வாரத்துக்கு ஒருமுறை வரிசையை மாற்றி, கடைசியில் இருப்பவர்களை முன்னால் கொண்டுவரலாம். கேரளத்தில் சில பள்ளிகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி அடிக்கத் தொடங்கின. அது பிற மாநிலங்களுக்கும் பரவியது. நம் பள்ளியிலும் அடிக்கலாம். வெறும் சுவரில் பிள்ளைகளின் படைப்புகளைக் குத்தி வைக்கும் மென்பலகைகளை மாட்டினால் எதிரொலி கொஞ்சம் குறையும். ஓலையும் தட்டியும் மட்டும் வேண்டவே வேண்டாம். கும்பகோணத்தை மறக்கக் கூடாது.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். கைபேசியில் சத்தத்தை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியமாக இருக்காது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர் அனுமதியோடு காலி அறை, ஒரு வகுப்பு, மூன்று வகுப்பு சேர்ந்த நேரம், மழை நேரம் என்று நான்கு முறை அளந்து தேதி போட்டு எழுதுங்கள். அதோடு எத்தனை வகுப்பு, எத்தனை அறை, கூரை என்ன, குடிநீர் வருகிறதா என்று ஒரு பக்கத்தில் குறியுங்கள். அந்த ஒரு தாள் கிராம சபையில் பத்துப் பேச்சுக்குச் சமம்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. 22-ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுதான். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் நம் அம்மாக்களைக் கூப்பிடும் வழக்கம் இருக்கிறது. திட்டத்தில் "ஷீட் கூரையை மாற்றித் தளம் போட வேண்டும், வகுப்புக்கு ஓர் அறை வேண்டும்" என்று எழுதாமல் கையெழுத்து இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

அரசிடம் கேட்பவை

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது. காது, கண், பல் பார்க்கிறார்கள். குறைபாடுகளின் பட்டியலில் காது கேளாமை இருக்கிறது, பேச்சு வளர்ச்சித் தாமதம் இருக்கிறது. குரல் கம்மல் இல்லை. "பிள்ளையின் குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் போதும். கம்மல் உள்ள பிள்ளைகளை அனுப்புவதற்கு மாவட்டத் தலைநகரில் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் அங்கே உண்டு. அந்த இடம் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும், பிள்ளையை அழைத்துவரும் தாய் ஒரு நாள் கூலியை இழக்காத வகையில் ஒன்றியத்துக்கே மாதம் ஒருமுறை அவரை அனுப்ப வேண்டியதும் மாவட்ட நிர்வாகத்தின் வேலை.

கட்டடத்துக்கு வருவோம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் கட்டடம் கட்டும் பொறுப்பு தாட்கோவிடம் இருக்கிறது. இனிக் கட்டும் ஒவ்வொரு வகுப்பறையும் ஆசிரியர் எண்ணிக்கையை வைத்து இல்லாமல் வகுப்பு எண்ணிக்கையை வைத்துக் கட்டப்பட வேண்டும். ஷீட் கூரை கூடாது. ஒப்படைப்பதற்கு முன் சத்தமும் எதிரொலியும் அளக்கப்பட வேண்டும். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024-இல் சட்டப்பேரவையில் தனிச் சட்டமே நிறைவேறியிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற நிதியை ஒதுக்கி, ஒதுக்கியதை அவர்களுக்கே செலவிடுவதுதான் அதன் நோக்கம். அந்த நிதியில் நம் ஒன்றியத்தின் ஷீட் கூரைகள் எத்தனை மாறின என்று கணக்குக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் என்று வருடத்தில் பலமுறை கிராம சபை கூடுகிறது. வரும் கூட்டத்தில் காலனிப் பள்ளியின் கூரை, அறை, தண்ணீர் பற்றி ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுபோவோம். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறும்வரை கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருப்போம். பேசும்போது நாம் கத்தத் தேவையில்லை. அளந்து எழுதிய அந்தத் தாளை மெதுவாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தால் போதும்.